சிறப்புக் கல்விக்கு நிதி கேட்டு பிசியோக்கள் குரல் கொடுப்பது: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறப்புக் கல்விப் பள்ளிகளிலும் பாலர் தலையீட்டு நிலையங்களிலும் வேலை செய்யும் தமிழ் பேசும் இயன்முறை சிகிச்சையாளர்களுக்காக எழுதியது இது. பள்ளியில் எல்லாரும் பிசியோ என்றே கூப்பிடுவதால் இங்கும் அப்படியே. பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கும் பாதிக்கு மேல் பொருந்தும். கேள்விகள் இடைவேளையில், வாட்ஸ்அப்பில், பெற்றோர் சந்திப்பு முடிந்து வாசலில் நிற்கும்போது காதில் விழுந்தவை.

பிசியோவுக்கு நிதி பற்றிப் பேச என்ன வேலை? அது நிர்வாகத்தின் பாடு இல்லையா?

அரை மணி நேர சிகிச்சை ஒன்றைக் கிட்ட நின்று பாருங்கள். பெருமூளை வாதம் உள்ள ஒன்பது வயதுப் பையனை நிற்க வைக்கும் சட்டத்தில் ஏற்ற வேண்டும். சக்கர நாற்காலியின் பட்டைகளை அவிழ்க்க வேண்டும். ஷூவைக் கழற்றி, கணுக்கால் ஸ்பிளின்ட்டை மாட்டி, குதிகால் உள்ளே சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்க வேண்டும். உட்காரவில்லை என்றால் சாயங்காலம் தோல் சிவந்து போய், மறுநாள் அம்மா ஸ்பிளின்ட் போடவே விடமாட்டார். அப்புறம் இரண்டு பேராகச் சேர்ந்து தூக்கவேண்டும், முழங்கால், இடுப்பு, மார்பு என்று பட்டைகளை வரிசையாக இறுக்கவேண்டும். இறக்கும்போது எல்லாம் தலைகீழாக மறுபடி. அட்டவணையில் முப்பது நிமிடம் என்று இருப்பதில் பையன் உண்மையில் நின்றது எவ்வளவு நேரம் என்று அந்த அறையில் இருந்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

தூக்குவதற்கு இரண்டாவது ஆள் இருக்கிறாரா, அவர் வகுப்பை விட்டு வர முடிகிறதா என்பதெல்லாம் பணம் சம்பந்தப்பட்ட விஷயம். நிர்வாகத்துக்குத் தெரிவது ஆள் எண்ணிக்கையும் சம்பளப் பட்டியலும். அமைச்சுக்குத் தெரிவது ஆண்டறிக்கை. நடுவில் உள்ளதைச் சொல்ல வேறு ஆள் கிடையாது.

இந்தப் பள்ளிகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

சிங்கப்பூரின் சிறப்புக் கல்விப் பள்ளிகளை நடத்துபவை சமூக சேவை அமைப்புகள். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்கான சங்கம் 1957லும், அறிவுத்திறன் குறைபாடு உள்ளோருக்கான மைண்ட்ஸ் 1962லும் தொடங்கியவை. நல்ல மனம் படைத்தவர்கள் கூடி, நன்கொடை திரட்டி நடத்திய காலம் அது. 1988ல் அப்போதைய கல்வி அமைச்சர் டோனி டான் தலைமையிலான ஆலோசனை மன்றம் உடற்குறையுள்ளோர் பற்றி அறிக்கை கொடுத்த பிறகுதான் கல்வி அமைச்சின் பங்கு கணிசமாக வளர்ந்தது. இப்போது பெரும்பகுதி அரசாங்க நிதி. மீதிக்கு, பந்தய, லாட்டரி வருமானத்தைப் பொதுப்பணிக்குக் கொடுக்கும் டோட் போர்டு, சமூக நிதிகள், நன்கொடை, பெற்றோர் கட்டும் கட்டணம்.

ஆக, உங்கள் பள்ளியின் முதலாளி ஒரு அறநிறுவனம், பணத்தில் பெரும்பங்கு கொடுப்பது அமைச்சு. யாரிடம் கேட்பது என்ற குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. சம்பளம் குறைவு என்று பள்ளியிடம் கேட்டால் நிதி இல்லை என்பார்கள். அமைச்சிடம் கேட்டால், ஆட்களை அமர்த்துவது பள்ளியின் பொறுப்பு என்ற பதில் வரலாம். இரண்டுமே பொய் இல்லை.

ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் கதை வேறு. 'ஈபிக்' என்று எல்லாரும் சொல்லும் பாலர் தலையீட்டுத் திட்டம் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் கீழ் வருகிறது, பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு அதைப் பார்த்துக்கொள்கிறது. அங்கே வேலை செய்யும் பிசியோ கல்வி அமைச்சருக்குக் கடிதம் எழுதினால் அது சுற்றிச் சுற்றித்தான் போய்ச் சேரும்.

கட்டணத்தைத்தான் குறைத்துவிட்டார்களே, இன்னும் என்ன கேட்க இருக்கிறது?

உண்மை, குறைத்திருக்கிறார்கள். 2019ல் பாலர் தலையீட்டுக் கட்டணம் பெரும்பாலான வருமானப் பிரிவினருக்கு 30 முதல் 70 விழுக்காடு வரை இறங்கியது. 2024 வரவு செலவுத் திட்டத்தில், சிறப்புக் கல்விப் பள்ளிகளின் மாதக் கட்டண உச்சவரம்பை 90 வெள்ளியாக இறக்குவதாக அறிவித்தார்கள். பெற்றோருக்கு இது பெரிய நிம்மதி. இதைக் குறைத்துச் சொல்பவர்கள் மாதக் கடைசியில் கட்டண ரசீதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் கட்டணம் குறைவது பெற்றோரின் பையில் நடக்கும் மாற்றம். சிகிச்சை நேரம் அதனால் தானாகக் கூடிவிடாது. என் கருத்தைச் சொல்கிறேன்: பிசியோக்கள் இனி கட்டணத்தைப் பற்றிப் பேசி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், அதைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு வாரத்தில் எத்தனை நிமிடம் கிடைக்கிறது, ஒரு பிசியோ எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார், அந்த எண் எதை வைத்து முடிவாகிறது என்பதை நாம்தான் கேட்க வேண்டும். கட்டணம் எல்லாருக்கும் புரியும், எளிதில் செய்தியாகும். சிகிச்சை நிமிடங்கள் செய்தியாவதில்லை. அதனாலேயே யாரும் கேட்பதில்லை.

இது அரசியல் ஆகிவிடாதா? மாட்டிக்கொள்ள மாட்டேனா?

எல்லாரும் கடைசியில், குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி. நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

கொள்கை பற்றிக் கருத்துச் சொல்வது ஒன்று, கட்சிக்காக வேலை செய்வது இன்னொன்று. நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்ப்பது, அமைச்சுக்கு எழுதுவது, வரவு செலவுத் திட்டத்துக்கு முன் கருத்து அனுப்புவது, நாளிதழுக்குக் கடிதம் எழுதுவது எல்லாம் முதல் வகை. அன்றாடம் நடப்பவை, அரசாங்கமே 'ரீச்' என்ற தன் கருத்துச் சேகரிப்புப் பிரிவு வழியாகக் கருத்துக் கேட்கிறது.

சங்கம் என்று வந்தால் கொஞ்சம் கவனம் தேவை. சிங்கப்பூரில் பதிவான சங்கங்களின் விதித்தொகுப்பில், சங்கம் அரசியல் நடவடிக்கையில் ஈடுபடக் கூடாது, அதன் பணமும் இடமும் அரசியலுக்குப் பயன்படக் கூடாது என்ற வாசகம் பொதுவாக இருக்கும். உங்கள் சங்கத்தின் விதிகளை எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள். சங்கத்தின் பெயரில் கொள்கைக் கருத்து அனுப்ப இது தடையில்லை. தேர்தல் நேரத்தில் இன்ன வேட்பாளர் நம் பக்கம் என்று சங்கத்தின் முகநூலில் போடுவது வேறு, அதைச் செய்யாதீர்கள். அறநிறுவனங்களும் கட்சி சார்பு இல்லாமல் இருக்க வேண்டியவை.

பள்ளியின் பெயரில் பேச வேண்டுமென்றால் பள்ளியிடம் சொல்லிவிட்டுப் பேசுங்கள். தனி மனிதராகப் பேசினால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள்: 'நான் சிறப்புக் கல்வித் துறையில் பணிபுரியும் இயன்முறை சிகிச்சையாளர், இது என் சொந்தக் கருத்து.' மேலாளரிடம் முன்கூட்டியே சொல்வது சட்டக் கட்டாயம் இல்லாத இடத்திலும் புத்திசாலித்தனம். நீங்கள் எழுதியதை அவர் இன்னொருவர் வாயால் கேள்விப்படும்போதுதான் மனக்கசப்பு வரும்.

ஹாங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனை 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. குடிமக்கள் பதிவு செய்துவிட்டு அங்கே பேசலாம். தடையில்லை என்றாலும், சிகிச்சை நேரக் கணக்கை அங்கே நின்று சொல்லிப் பலன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கூட்டத்துக்கு முன்னால் விளக்கும் சமாச்சாரம் இல்லை இது. தாளில் எழுதி மேசையில் வைத்துப் பேசவேண்டியது.

நான் இந்தியக் குடிமகன், வேலை அனுமதியில் இருக்கிறேன். நான் என்ன செய்யலாம்?

நம் துறையில் இந்தியா, மலேசியா, பிலிப்பீன்ஸ் என்று பல ஊர்க்காரர்கள் வேலை செய்கிறார்கள். ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். பேச்சாளர் முனைப் போராட்டங்களில் வெளிநாட்டவர் கலந்துகொள்ளக் கூடாது, நின்று வேடிக்கை பார்ப்பதும் வேண்டாம். நிரந்தரவாசிகள் கலந்துகொள்ளலாம், ஏற்பாடு செய்ய அனுமதி வேண்டும். தேர்தல் பிரசாரம் குடிமக்களுக்கு மட்டும்.

வேலை சார்ந்த கணக்கைத் தொகுப்பது, பள்ளியின் உள் அறிக்கை எழுதுவது, பணியிடத்தில் நடக்கும் கலந்துரையாடலில் பேசுவது ஆகியவை உங்கள் தொழில். இவற்றைச் செய்யுங்கள். நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொண்டுபோகும் வேலையைக் குடிமகனாக இருக்கும் சக ஊழியரோ பெற்றோரோ பார்த்துக்கொள்ளட்டும்.

எந்த மாதத்தில் கேட்க வேண்டும்?

நிதியாண்டு ஏப்ரல் 1ல் தொடங்குகிறது. வரவு செலவுத் திட்ட உரை வழக்கமாகப் பிப்ரவரியில். அதற்குப் பிறகு பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் வரை ஒவ்வோர் அமைச்சின் செலவையும் நாடாளுமன்றம் தனித்தனியாக விவாதிக்கும். செலவுப் பட்டியலில் ஒவ்வோர் அமைச்சுக்கும் ஓர் ஆங்கில எழுத்துத் தலைப்பு உண்டு, கல்வி அமைச்சுக்கு 'கே'. அந்த விவாதத்தில் ஒரு வேடிக்கையான சம்பிரதாயம் உண்டு. உறுப்பினர் ஒருவர் எழுந்து, இந்தத் தலைப்புக்கான தொகையில் 100 வெள்ளியைக் குறைக்க வேண்டும் என்று முன்மொழிவார். யாரும் நூறு வெள்ளியைக் குறைக்கப்போவதில்லை. அமைச்சின் கொள்கையைப் பற்றிப் பேச அதுதான் நுழைவுச்சீட்டு. கூடுதல் பணம் கேட்க வந்தவரும் நூறு வெள்ளியை வெட்டச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார். முதல்முறை கேட்கும் பெற்றோர் திகைத்துப் போவார்கள்.

ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில நிமிடங்கள். யார் எதைப் பேசுவது என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். மார்ச்சில் போய்க் கதவைத் தட்டினால் பிந்திவிட்டீர்கள். நவம்பர், டிசம்பரில் ஒரு பக்கக் குறிப்பைக் கொடுத்துவிடுங்கள். பள்ளி விடுமுறைக் காலம், உங்களுக்கும் எழுத நேரம் இருக்கும். 'ரீச்' கருத்துச் சேகரிப்பும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் நடக்கும்.

யாரிடம் கொடுப்பது?

உங்கள் தொகுதி உறுப்பினரிடம் முதலில். கல்விக்கான அரசாங்க நாடாளுமன்றக் குழுவில் இருப்பவர்களிடமும் கொடுக்கலாம். எதிர்க்கட்சி உறுப்பினர்களும் இதே கேள்விகளைக் கேட்பவர்கள்தான். நியமன உறுப்பினர்களை மறந்துவிடாதீர்கள். 2014 முதல் 2018 வரை நியமன உறுப்பினராக இருந்த சியா யோங் யோங், உடற்குறையுள்ளோருக்கான எஸ்பிடி அமைப்பின் அப்போதைய தலைவர், தாமே சக்கர நாற்காலியில் இயங்குபவர். கட்சிக்கு வெளியே இருந்து இந்தக் குரலை நாடாளுமன்றத்துக்குள் கொண்டுபோக முடியும் என்பதற்கு அவர் போதும்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் டெனிஸ் புவாவைச் சொல்லாமல் முடியாது. 2004ல் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான பாத்லைட் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவர், 2006ல் நாடாளுமன்றத்துக்கு வந்தவர், சிறப்புக் கல்வி பற்றி ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பேசியவர். நாடாளுமன்றப் பேச்சுகளின் பதிவான ஹன்சார்ட் இணையத்தில் இலவசம். யார் ஏற்கெனவே இதைப் பற்றிக் கேட்டிருக்கிறார், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்று தேடிப் படித்துவிட்டுப் போங்கள். பதில் வந்துவிட்ட கேள்வியைத் திரும்பக் கேட்பதைப் போல வீணான சந்திப்பு வேறில்லை.

குறிப்பில் என்ன எழுத வேண்டும்?

உறுப்பினர் அப்படியே எடுத்துக் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று. நம்மவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். நான்கு பக்கம் உருக்கமாக எழுதிவிட்டு, கேள்வியே இல்லாமல் முடிப்பார்கள். எழுத்துக்கு ஒரு மாதிரி தருகிறேன்:

'கல்வி அமைச்சரிடம் கேட்பது: (அ) உடல் இயக்கக் குறைபாடு உள்ள மாணவர்கள் பயிலும் சிறப்புக் கல்விப் பள்ளிகளில், முழுநேர இயன்முறை சிகிச்சையாளர் ஒருவருக்குச் சராசரியாக எத்தனை மாணவர்கள், (ஆ) கடந்த ஐந்து ஆண்டுகளில் இந்த விகிதம் எவ்வாறு மாறியுள்ளது, (இ) சிகிச்சையாளர் பணியிடங்களுக்கான நிதியைக் கணக்கிடும்போது, மாணவரைத் தூக்கி இறக்கவும் கருவிகளைப் பொருத்தவும் ஆகும் நேரம் சேர்க்கப்படுகிறதா.'

பார்த்தீர்களா, கண்ணீர் இல்லை, எண் கேட்கிறது. எண் வெளியே வந்துவிட்டால் அடுத்த ஆண்டு அதைப் பிடித்துக்கொண்டு மேலே பேசலாம். வாய்மொழி பதிலுக்கான கேள்வியை, அமர்வுக்கு முழுதாக ஏழு நாளாவது முன்பே கொடுத்தாக வேண்டும். கடைசி நேரத்தில் ஓடாதீர்கள்.

கேள்விக்குக் கீழே அரைப் பக்கத்தில் பின்னணி. ஒரு சிகிச்சை நேரம் எப்படிக் கழிகிறது என்பதை நிமிடக் கணக்கில் எழுதுங்கள். நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதுங்கள், பிற பள்ளிகளைப் பற்றி ஊகிக்க வேண்டாம். கூடவே உங்கள் தொலைபேசி எண். உறுப்பினரின் உதவியாளர் கட்டாயம் ஏதாவது கேட்க அழைப்பார்.

பிள்ளைகளின் கதையைச் சொல்லலாமா? படம் காட்டலாமா?

பெற்றோர் தங்கள் பிள்ளையின் கதையைச் சொல்லலாம், அது அவர்கள் உரிமை. நீங்கள் சொல்லக் கூடாது. பெயரை மாற்றிவிட்டேன் என்பதும் போதாது. ஒரு பள்ளியில் அந்த வயதில், அந்தக் குறைபாட்டோடு ஒரே ஒரு பிள்ளை இருந்தால் பெயர் எதற்கு? இயன்முறை சிகிச்சையாளர் போன்ற துணை மருத்துவத் தொழிலர்களுக்கான 2011 சட்டத்தின் கீழ் பதிவு பெற்று வேலை செய்பவர் நீங்கள், ரகசியம் காப்பது தொழில் ஒழுக்கத்தின் பகுதி. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. கைப்பேசியில் உள்ள சிகிச்சை வீடியோவை, நல்ல எண்ணத்தில்கூட, வெளியே அனுப்பாதீர்கள்.

தொகுத்த கணக்கு வேறு. 'இந்த வாரம் ரத்தான சிகிச்சை நேரங்களில் பாதி, தூக்க ஆள் இல்லாததால் ரத்தானவை' என்பது யாரையும் காட்டிக்கொடுக்காது. அந்தக் கணக்கை வெளியே கொண்டுபோகப் பள்ளியின் சம்மதம் வேண்டும்.

நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போய்த் தமிழில் பேசலாமா?

தாராளமாக. வாரம் ஒருமுறை சாயங்காலம், பெரும்பாலும் புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும். எண் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். தமிழ் பேசும் தொண்டூழியர் வேண்டும் என்று வந்தவுடனே சொல்லுங்கள். எல்லா இடத்திலும் இருக்க மாட்டார்கள், ஆனால் கேட்டால் தேடிப் பார்ப்பார்கள். நாடாளுமன்றத்திலேயே உறுப்பினர்கள் தமிழில் பேசலாம், உடனுக்குடன் மொழிபெயர்ப்பு உண்டு.

பெற்றோருக்கு ஒன்று. உங்கள் சொந்த முறையீட்டையும் பொதுக் கோரிக்கையையும் ஒரே இரவில் கலக்காதீர்கள். என் பிள்ளைக்குப் பள்ளிப் பேருந்தில் இடம் இல்லை என்பது ஒரு கடிதம், சம்பந்தப்பட்டவர்களுக்கு அன்றே எழுதித் தருவார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் சிகிச்சை நேரம் போதவில்லை என்பது வேறு பேச்சு. அதை உறுப்பினரிடம் நேரில், மூன்று நான்கு பெற்றோர் சேர்ந்து சொல்லுங்கள்.

தாத்தா பாட்டி வரலாமா என்று கேட்கிறார்கள். கட்டாயம் வரட்டும். பகலில் பிள்ளையைத் தூக்குவது பல வீடுகளில் பாட்டிதான். பள்ளியில் இரண்டு பேர் செய்யும் வேலையை அவர் இடுப்புவலியோடு தனியாகச் செய்கிறார். அவர் சொன்னால் உறுப்பினர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

இதெல்லாம் செய்து எதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, மெதுவாக. 2000ல் நிறைவேறி 2003ல் நடப்புக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம், மிதமானது முதல் கடுமையானது வரை சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கு விலக்கு அளித்தது. விலக்கு என்றால் சலுகை போல ஒலிக்கும். அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை என்பதுதான் அதன் பொருள். நாடாளுமன்றத்தில் கேட்டார்கள், பெற்றோர் கேட்டார்கள். உடற்குறையுள்ளோருக்கான தேசியத் திட்டமான எனேபலிங் மாஸ்டர்பிளானை 2012 முதல் 2016 வரைக்குத் தயாரித்த குழுவும் விலக்கை நீக்கப் பரிந்துரைத்தது. 2016 நவம்பரில் அறிவிப்பு வந்தது. எப்படிச் செயல்படுத்துவது என்று ஆராய்ந்த ஆலோசனைக் குழுவுக்குத் தலைவர் நாடாளுமன்ற உறுப்பினர் ஜனில் புதுச்சேரி, குழந்தை மருத்துவரும்கூட. 2019ல் தொடக்கநிலை 1 சேர்ந்த பிள்ளைகளிலிருந்து சட்டம் இவர்களுக்கும் பொருந்துகிறது.

2003லிருந்து 2019 வரை. அந்த இடைவெளியில் ஏழு வயதான பிள்ளைகளில் பலர் இப்போது பெரியவர்கள். இதைச் சொன்னால் சிலர் சோர்ந்துபோகிறார்கள். சோர்வு நியாயமானதுதான், ஆனால் இந்த ஊரில் கொள்கை இப்படித்தான் நகர்கிறது: குழு, அறிக்கை, பரிந்துரை, அப்புறம் ஒருநாள் அறிவிப்பு. ஒவ்வொரு குழுவின் மேசையிலும் பிசியோ எழுதிய தாள் ஒன்று இருக்க வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

அமெரிக்காவில் பிசியோக்கள் நேரடியாகவே அரசியலில் இறங்குகிறார்களாமே?

ஆமாம், அங்கே அமைப்பு வேறு. 1975ல் வந்த கூட்டரசுச் சட்டம், குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பொதுக் கல்வியை உரிமையாக்கியது. பிசியோதெரபி அதில் கல்வியோடு சேர்ந்த சேவையாக எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளையின் கல்வித் திட்டத்தில் இத்தனை நிமிடம் என்று எழுதிவிட்டால் பள்ளி கொடுத்தாக வேண்டும், கொடுக்காவிட்டால் பெற்றோர் வழக்குப் போடலாம். கூடுதல் செலவுக்காக, ஒரு மாணவருக்கான தேசிய சராசரிச் செலவில் 40 விழுக்காடு வரை தருவதாகக் கூட்டரசு சொன்னது. ஐம்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்த அளவைத் தொடவில்லை, அண்மை ஆண்டுகளில் 15 விழுக்காட்டுக்கும் கீழே. அந்த நாட்டுப் பிசியோ சங்கம் வாஷிங்டனில் கேட்பவற்றில் இதுவும் ஒன்று. வேட்பாளர்களுக்கு நன்கொடை கொடுக்கத் தனி நிதியமைப்பும் வைத்திருக்கிறார்கள். இங்கே அதை நினைத்தும் பார்க்க முடியாது, வேண்டியதும் இல்லை.

எடுத்துக்கொள்ளத் தக்கது நிமிடங்களை எழுத்தில் வைக்கும் பழக்கம். எழுதி வைத்திருப்பதால்தான் எவ்வளவு பணம் குறைகிறது என்று அவர்களால் கணக்குச் சொல்ல முடிகிறது.

சக்கர நாற்காலி, வாக்கருக்கும் இதே வழியா?

இல்லை. அதற்கு, உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பு நடத்தும் உதவிக் கருவி நிதி இருக்கிறது. குடும்ப வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரை, வாழ்நாளுக்கு 40,000 வெள்ளி உச்சவரம்பு. விண்ணப்பத்துக்குச் சிகிச்சையாளரின் மதிப்பீடு தேவை. வளரும் பிள்ளைக்கு நாற்காலி சில ஆண்டுகளில் சிறிதாகிவிடும் என்பதால் வாழ்நாள் வரம்பை மனத்தில் வைத்து எழுதுங்கள்.

பிள்ளைக்கு 18 ஆனதும்?

பெரும்பாலான சிறப்புக் கல்விப் பள்ளிகளில் படிப்பு 18 வயதோடு முடிகிறது. தொழிற்கல்விச் சான்றிதழ் படிப்பவர்கள் 21 வரை இருக்கலாம். அதற்குப் பிறகு பகல்நேர நடவடிக்கை நிலையம், பாதுகாக்கப்பட்ட வேலையிடம் என்று சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் பக்கம் போய்விடுகிறது. பள்ளியில் வாரந்தோறும் கிடைத்த பிசியோ அங்கே எப்படிக் கிடைக்கும் என்பதைப் பதினாறு வயதிலேயே பள்ளியிடம் கேளுங்கள். நாடாளுமன்றத்தில் இதற்கான விவாதம் 'ஐ' தலைப்பில் வரும், 'கே'யில் இல்லை. குறிப்பு எழுதும்போது அமைச்சரின் பெயரை மாற்ற மறந்துவிடாதீர்கள்.